தாய்லாந்துக்கு ரோடு சரி, களியக்காவிளைக்கு?

மணிப்பூரின் மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை ஒரு நெடுஞ்சாலை. 1,360 கிலோமீட்டர். 2002-ல் பேச ஆரம்பித்தார்கள். இந்த வட்டாரத்துக்கே நாமதான் பெரியண்ணன் என்று டெல்லியில் யார் மைக் பிடித்தாலும் இந்த ரோடு வந்துவிடும். ஆனால் ரோடு இன்னும் முழுசாக வரவில்லை. மியான்மரில் 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுச் சண்டை மூண்டது, நாம் என்ன செய்ய முடியும் என்பார்கள். நியாயம்தான்.

சரி, சண்டையே இல்லாத ஒரு எல்லையைப் பார்ப்போமா? எங்கள் குமரி மாவட்டத்துக்கு வாருங்கள்.

தோவாளையில் விடிவதற்குள் பூச்சந்தை கூடிவிடும். அங்கே ஏற்றுகிற பிச்சியும் அரளியும் திருவனந்தபுரம் போய்ச் சேர 80 கிலோமீட்டர் பக்கம்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் தாண்டினால் களியக்காவிளை. இந்த ரோட்டில் ஒரு முகூர்த்த நாளில் நீங்கள் போயிருந்தால் மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பி.காம். படித்தவன் என்பதால் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நிற்கிற வண்டிக்கும் செலவு உண்டு. வாடிப்போன பூவுக்கு விலை கிடையாது.

நான்குவழிச் சாலை போட வந்தார்கள். பாதி குளத்தில், பாதி வயலில். நிரப்ப மண் கிடைக்கவில்லை என்று வேலை வருஷக்கணக்கில் நின்றது. அதே வருஷங்களில் குமரி மலையை உடைத்த கல்லும் எம்-சாண்டும் டாரஸ் டாரஸாக எல்லை தாண்டிப் போனது. மண் வேறு, பாறை வேறு சார் என்று என்ஜினீயர் விளக்குவார். விளக்கட்டும். அளவுக்கு மேலே பாரம் ஏற்றிப் போன லாரி உடைத்தது எந்த ரோட்டை என்பதற்கும் அவரே பதில் சொல்லட்டும். மார்த்தாண்டத்தில் 2018-ல் திறந்த மேம்பாலத்தில் 2024-ல் ஓட்டையே விழுந்துவிட்டது.

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தபோது எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு நகர்ந்தது. அன்றைக்கு நகர்ந்தது கோடு மட்டும்தான், புத்தி நகரவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்ட்டை எடுத்தார்கள். அப்புறமும் இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ், கலால், கனிமச் சீட்டு என்று ஆளுக்கொரு கை நீட்டி வண்டியை மறிக்கிறார்கள். ரேஷன் அரிசி மட்டும் குறுக்கு ரோட்டில் சௌகரியமாகப் போய்விடுகிறது. கேரளத்து ஆஸ்பத்திரிக் குப்பை திருநெல்வேலி வரைக்கும் வந்து இறங்கியது. 2024 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகே லாரி வைத்துத் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். நிறுத்த வேண்டியது போகிறது, போக வேண்டியது நிற்கிறது. இதற்குப் பேர் சோதனைச் சாவடியா?

இத்தனைக்கும் காவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் இதே களியக்காவிளைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரைச் சுட்டுக் கொன்றார்கள். நடுரோட்டில் ஒரு தடுப்பைப் போட்டுவிட்டு, காவலுக்கு ஆளை நிறுத்தியாச்சு என்று கணக்குக் காட்டினால் அவருக்கும் பாதுகாப்பில்லை, நமக்கும் பாதுகாப்பில்லை.

வங்கதேச எல்லையில் பெட்ராபோலில் 2016-ல் ஒருங்கிணைந்த சாவடி திறந்தோம். சுங்கம், குடியேற்றம், கிடங்கு எல்லாம் ஒரே வளாகத்தில். இன்னொரு நாட்டோடு கைகோத்துச் செய்த காரியம் அது. இங்கே இரண்டு பக்கமும் ஒரே நாடு, ஒரே ரூபாய், கல்யாணச் சம்பந்தம்கூட உண்டு. ரோட்டை விட்டு ஒதுங்கி ஒரு வளாகம், இரண்டு மாநில அதிகாரிகளும் பக்கத்துப் பக்கத்து மேஜையில், ஒரு எடைமேடை, கேமரா, ஒரே நிறுத்தம். ராக்கெட் விடச் சொல்லவில்லையே?

களியக்காவிளையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கிற விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே 2-ல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்புக்குப் போன கப்பலையெல்லாம் இங்கே இழுப்போம் என்கிறார்கள். இழுங்கள், சந்தோஷம். அங்கே இறங்குகிற கன்டெய்னர் நாளைக்குத் தெற்கே கிளம்பினால் வர வேண்டியது இந்த ரோட்டில்தான். தோவாளைப் பூ வண்டிக்குப் பின்னால் அதுவும் வரிசையில் நிற்கட்டும் என்றுதான் இரண்டு அரசாங்கமும் நினைக்கிறதா? அடுத்த தடவை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது தாய்லாந்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை போக எவ்வளவு நேரம் ஆச்சு என்று மட்டும் கேளுங்கள்.