ஒரே கொட்டகையில் இரு பசுக்கள்

சென்ற கோடையில் நம் பங்கிலுள்ள கைம்பெண் ஒருவர், கடன்பட்டு வாங்கிய கலப்பினப் பசுவை இழந்தார். நான்கு நாள் கடுங்காய்ச்சல். முன்தோளருகே முட்டையளவு வீக்கம். பின் இமையின் உட்புறம் வெளுத்துப் படுத்த பசு எழவேயில்லை. மருத்துவர் வந்தபோது காலம் கடந்திருந்தது. ஆறுதல் சொல்லச் சென்ற நம்மிடம் அப்பெண்மணி கேட்டார்: “சாமி, ஒரே கொட்டகை, ஒரே தண்ணி. மாமியார் விட்டுப்போன நாட்டுமாடு நல்லா நிக்குது. இது மட்டும் ஏன் போச்சு?”

அன்று நம்மிடம் விடையில்லை. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறோம்.

இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் சொன்ன நோய் தைலேரியா. ஒருவகை உண்ணி கடிக்கும்போது இந்த ஓரணு உயிரி மாட்டின் உடலில் நுழைகிறது. நுழைந்ததும் அது தேடிப் போவது, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களையே! காவற்காரனைத் தன்வசமாக்கும் திருடனைப் போல, அவ்வணுவைப் புற்றுநோய் அணுவைப் போலவே மாற்றி ஓயாமல் பெருகச் செய்கிறது. அணு பிளக்கும்போதெல்லாம் தானும் பிளந்து பெருகுகிறது. பிறகு சிவப்பணுக்களிலும் புகுவதால் சோகை காண்கிறது.

நாட்டுமாடு பிழைப்பதெப்படி? எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வுக்கூடத்தார் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பழைய பஞ்சாபில் தோன்றிய சாகிவால் கன்றுகளுக்கும், சீமை இனமான ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாகிவால் கன்றுகளுக்குக் காய்ச்சல் குறைவு, மருந்தின்றியே தேறின. ஹோல்ஸ்டீன் கன்றுகளோ கடும் நோயுற்றன. அழற்சியின்போது இரத்தத்தில் மிகும் சில புரதங்களின் அளவிலும் இரு இனங்களுக்குமிடையே பெரும் வேறுபாடு இருந்தது. பிடிபட்ட வெள்ளணுக்கள் எழுப்பும் அபாய அறிவிப்புகள் சீமை மாட்டில் கட்டுக்கடங்காமல் போகின்றன என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். ‘நாட்டுமாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதன் உடல் மூர்க்கமாகப் போரிடுவதில்லை, அளவறிந்து போரிடுகிறது. சீமை மாட்டை வீழ்த்துவதில் கிருமிக்குள்ள பங்கு பாதியென்றால், அதன் சொந்த உடலின் கொந்தளிப்புக்கு மறுபாதி.

இதில் இன்னொன்றும் உண்டு. தேறிய மாட்டின் இரத்தத்தில் கிருமி முற்றும் அழிவதில்லை. அதைக் கடித்த உண்ணி மறுபசுவையும் கடித்தால் நோய் தாவிவிடும். இதைச் சொன்னதும் அப்பெண்மணி, “அப்படின்னா இந்த மாட்டை வித்துடட்டுமா, சாமி?” என்றார். வேண்டாமென்றோம். மாட்டை விற்றாலும் உண்ணி சுவர் இடுக்கிலேயே இருக்கும். ஊரில் வேறு மாடுகளும் உண்டு. பால் எத்தனை லிட்டரென்று மட்டும் கேட்டு மாடு வாங்கும் நமக்கு உண்ணியைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை!

கலப்பினப் பசு வைத்திருப்போர் காதுமடல், மடி, வாலடி ஆகியவற்றை நாள்தோறும் தடவிப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு தோளருகே வீக்கம் கண்டால் அன்றே மருத்துவரை அழையுங்கள். புபார்வகோன் என்னும் ஊசிமருந்து தொடக்கத்திலேயே போட்டால் நன்கு பலன் தரும். வீரியம் குறைத்த கிருமியைக் கொண்டு இந்தியாவில் தடுப்பூசியும் செய்திருக்கிறார்கள். அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சென்ற வாரம் அவ்வழியே போனோம். அப்பெண்மணி கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டு குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார். இறந்த பசுவின் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கியாம்.