இலக்கமிட்ட தாள்கள்

என்னிடம் முன்னாளிற் பயின்ற மாணவர் ஒருவர் இன்று சட்டத்தரணியாக விளங்குகின்றார். அண்மையில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் அமர்ந்து, கொடுத்த தேநீரையும் அருந்தாது சிறிதுநேரம் வாளாவிருந்தார். ஈற்றில், "சேர், ஒரு கடதாசியாலே என்னுடைய கட்சிக்காரிக்கு ஒரு பரப்புக் காணி போய்விட்டது" என்றார். "ஆளையும் ஊரையும் சொல்ல வேண்டாம் தம்பி, கடதாசியின் கதையை மட்டும் சொல்லும்" என்றேன். ஆகவே வாசகரும் பெயரும் ஊரும் கேளாதிருப்பாராக.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பியவர் ஓர் அம்மையார். அவருடைய எட்டுப் பரப்பு வளவில் வேறொருவர் குடியிருந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில் இரு பகுதியாரும் இணக்கம் பேசத் தொடங்கினர். எதிர்ப்பகுதி ஆறு பரப்பை விட்டுக்கொடுக்க ஒருவாறு இசைந்து வந்தது. அந்நிலையில் நம் மாணவர், தம் கட்சிக்காரியின் ஆவணப் பிரதிகளை ஒரு கட்டாகக் கட்டி எதிர்ப்பகுதிச் சட்டத்தரணிக்கு அனுப்பினார். பழைய உறுதிகள், நிலஅளவைப் படங்கள், கிராம அலுவலரின் கடிதங்கள், வரிப் பற்றுச்சீட்டுகள் என நூற்றைம்பது தாள்வரை இருக்கும். அடுத்த சந்திப்பில் எதிர்ப்பகுதியார், "ஐந்து பரப்பு, அதற்குமேல் ஒரு குழியும் இல்லை" என்று கையை விரித்தனர். அம்மையார் தம் சட்டத்தரணிக்குக் கைப்பட எழுதிய கடிதமொன்றில், "வழக்காட எனக்குச் சீவன் இல்லை, கடைசியில் ஐந்து பரப்பென்றாலும் முடித்துவிடுங்கள்" என்றொரு வரி இருந்தது.

அக்கடிதம் கட்டுக்குள்ளே போயிற்றா? யாருக்கும் தெரியாது. கோப்பில் அது இல்லை. தாம் வைக்கவில்லை என்கிறார் கிளாக்கர். போட்டோப்பிரதிக் கடையின் கண்ணாடிமேல் மறந்து விடப்பட்டிருக்கலாம். அங்கே அடுத்தடுத்து வருபவர்களின் கண்ணுக்கு எத்தனை குடும்பத்து இரகசியங்கள் தப்பியிருக்கும்! எதிர்ப்பகுதிச் சட்டத்தரணியிடம் கேட்கலாமென்றால், கேட்கும் அக்கணமே அப்படியொரு கடிதம் உண்டென்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தாள்களுக்கு இலக்கம் இட்டீரா?" என்று கேட்டேன். இடவில்லை என்றார்.

சட்டம் இவ்விடயத்தில் உறங்கவில்லை. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில்நிமித்தம் கூறியதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாது என்கின்றது. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதற்கு அக்காப்பு இல்லை. 127 ஆம் பிரிவு அதே கடமையை அவருடைய எழுதுவினைஞருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வேலையாளருக்கும் விரிக்கின்றது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் பிரிவு 1974 இல் நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகளான பின்னரும் இக்கடமை மாறவில்லை. ஆயின் இச்சட்டம் மனிதரின் வாயைத்தான் கட்டுகின்றது. தாளுக்கு வாயில்லை, போனவிடத்தில் அது தானே பேசிவிடுகின்றது.

கதியால் ஒன்றை ஒரு சாண் நகர்த்தியதற்காகத் தலைமுறை கடந்து வழக்காடுவோர் என்று நம்மவரைப் பிறர் நகைப்பதுண்டு. அந்நகைப்பு முற்றும் பொய்யன்று. எனினும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதலாகக் காணியை எழுத்தில் வைத்துப் பழகியவர்கள் நாம். அப்பழக்கத்தின் சிறந்த காவலர் நொத்தாரிசு. 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருக்கு விதித்த ஒழுங்குகளைப் பாருங்கள். தாம் முடிக்கும் உறுதிகளுக்கெல்லாம் அவர் தொடர்ந்து இலக்கமிட வேண்டும். ஒரு சொல் வெட்டப்பட்டாலோ வரியிடையே நுழைக்கப்பட்டாலோ, அது எந்தப் பக்கம், எந்த வரி என்று அத்தாட்சியிலே குறிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 15 ஆந் திகதிக்குள், முந்திய மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை ஒரு பட்டியலோடு காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையிலேயே தங்கும்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, றங்குப் பெட்டியைத் தூக்க மாட்டாது உறுதியை விட்டுச் சென்றவர் பலர். நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் திகதியும் நெஞ்சிற் பதிந்திருந்தவர்கள், பின்னர் காணிக் கந்தோருக்குச் சென்று பிரதி கேட்டு நின்றார்கள். வீடு இடிந்து, வேலியும் காடாகிக் கிடக்கையில் அவர்கள் கையிலிருந்தது அவ்விலக்கம் ஒன்றுதான்.

நொத்தாரிசின் இலக்கம் ஆவணத்தைக் கண்டுபிடிப்பதற்கு. சட்டத்தரணியின் இலக்கமோ கண்டுபிடிப்பதற்கும் மறைப்பதற்குமாக இரட்டைத் தொழில் செய்ய வேண்டும். அமெரிக்காவில் எட்வின் பேற்ஸ் என்பவர் 1890 களின் தொடக்கத்தில் ஓர் இலக்கமிடும் பொறிக்கு உரிமம் பெற்றார். ஒருமுறை அழுத்தினால் இலக்கம் பதியும். அடுத்த இலக்கம் தானே முன்வரும். அந்நாட்டுச் சட்டத்தரணிகள் வழக்குத் தாள்களுக்கு இடும் தொடரிலக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பொறி இல்லாவிடிற் பென்சிலும் போதும், வேண்டியது ஒழுங்கு.

அவ்வொழுங்கை மாணவருக்கு விளக்கினேன். சட்டம் படித்தவருக்குக் கணக்குப் படிப்பிப்பவன் சொல்வதா என்று நீங்கள் நகைக்கலாம். அவரும் சிறிது நகைத்தார். மூல உறுதியில் ஒரு புள்ளியும் வைத்தலாகாது. இலக்கம் பிரதியிலேதான் இடப்படும். கட்டிலுள்ள ஒவ்வொரு பக்கமும், பின்புறம் எழுத்திருந்தால் அதுவும், ஒன்று முதலாகத் தொடர்ந்த இலக்கம் பெற வேண்டும். பின்னர் ஒரு தாள் புதிதாகக் கிடைத்தால் அது கடைசி இலக்கத்துக்கு அடுத்ததைப் பெறுமேயன்றி, இடையிற் செருகி எல்லாவற்றையும் மாற்றியிடுதல் கூடாது. கட்சிக்காரரின் அந்தரங்கக் கடிதம் 57 ஆம் பக்கமாயின், அதை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதனிடத்தில் "57, கொடுக்கப்படவில்லை" என்றொரு வெற்றுத் தாளை வைக்க வேண்டும். கட்டைக் கையேற்பவரிடம் இத்தனை முதல் இத்தனை வரை, இன்னவை நீங்கலாக, என்று கையொப்பம் பெற வேண்டும்.

"இடைவெளியைக் கண்டால் எதையோ ஒளிப்பதாக அவர்கள் சொல்லமாட்டார்களா?" என்றார் அவர். சொல்லட்டும். எழுதியவர், பெற்றவர், திகதி, கடிதமா குறிப்பா என்னும் இவ்வளவையும் ஒரு பட்டியலில் எழுதி, சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடைப்பட்டதாகையாற் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டால் மறைத்த பழி வாராது. உரிமையைக் கோருவது வேறு, ஒளிப்பது வேறு. பட்டியலில் "ஐந்து பரப்புக்குச் சம்மதித்த கடிதம்" என்று எழுதாதிருக்கும் அறிவு மட்டும் வேண்டும். கணினியிலே கோப்புக்குப் பெயரிடும் இளைஞர் பலர் இப்பிழையையே செய்கின்றனர். உறையைத் திறவாமலே உள்ளிருப்பதைப் படித்துவிடலாம்.

கணினி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 2016 ஆம் ஆண்டு டிரம்பின் பிரசாரத்தை ஒருகாலத்தில் நடத்திய போல் மனபோர்ட் என்பவரின் சட்டத்தரணிகள், 2019 ஆம் ஆண்டு தை மாதத்தில் நீதிமன்றுக்கு ஓர் ஆவணம் கொடுத்தனர். வெளிவரக்கூடாத வரிகள்மேற் கறுப்புப் பட்டை பூசியிருந்தனர். பத்திரிகையாளர் அவ்வரிகளை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும், பட்டை நீங்கி எழுத்து முழுவதும் தெரிந்தது. மை பூசிய தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கும் நம்மூர்ச் சிறுவனின் வித்தைதான், கருவிதான் வேறு. எழுத்தை மூடுதல் போதாது, நீக்கவே வேண்டும். நீக்கிய பின் தாளில் அச்சிட்டு, அவ்வச்சை மீண்டும் படமாக எடுத்து அனுப்புவது மெத்தனமாயினும் பத்திரமானது.

மாணவர் எழுந்தபோது இருட்டிவிட்டது. இணக்கம் என்னாயிற்று என்று கேட்டேன். அம்மையார் ஐந்து பரப்புக்கே கையொப்பமிட்டுவிட்டாராம். கடிதம் காணாமற் போனதை அவரிடம் சொன்னீரா என்றேன். சொன்னாராம். அம்மையார் கோபிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழக்கை முடிக்கும் அலுவல்கள் இன்னும் சில உள. அவற்றைப் பற்றி இப்போது அவர் கடிதம் எழுதுவதில்லை. இரண்டு பேருந்து மாறி யாழ்ப்பாணத்துக்கு வருகிறார். கிளாக்கர் சாப்பிடப் போகும்வரை வாங்கில் இருக்கிறார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பேசுகிறார்.