முதல்ல கை, அப்புறம் ஸ்கேன்

1/ வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போறீங்க. ஸ்டூல்ல உட்கார வெச்சு ரெண்டு கேள்வி, ஒரு கேஸ் மாத்திரை, "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க". உங்களைப் படுக்க வைக்கவே இல்லை. இதுக்குப் பேர் பரிசோதனையே இல்லைங்க.

2/ மல்லாக்கப் படுக்க வெச்சு, முழங்காலை மடக்கச் சொல்லி, முதல்ல கண்ணால பார்க்கணும். ஸ்டெத் வெச்சுக் கேட்கணும். விரலால தட்டணும், கையால அழுத்தணும். வலிக்கிற இடத்தைக் கடைசியாத்தான் தொடணும். அழுத்தும்போது டாக்டர் கவனிக்க வேண்டியது உங்க முகத்தை. அஞ்சு நிமிஷ வேலை.

3/ வயிறு பலகை மாதிரி விறைச்சிருந்தா, இரைப்பையிலயோ குடல்லயோ ஓட்டை விழுந்திருக்கலாம். அது அவசரம். வயசானவருக்கு அடிவயிறு உருண்டையா வீங்கி, தட்டினா மந்தமா சத்தம் வந்தா, மூத்திரம் அடைச்சிருக்கலாம். ரெண்டையும் சந்தேகப்பட கையே போதும்.

4/ அப்பெண்டிக்ஸ் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சு, வலது அடிவயித்துக்கு இறங்கும். எங்கே அழுத்தினா அதிகமா வலிக்கும்னு மெக்பர்னி 1889லயே எழுதிட்டார். வர்ற வழியில ஸ்பீட் பிரேக்கர்ல வலி கூடுச்சான்னு கேட்கிறதுகூட உதவும். 2012ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வுல, அப்பெண்டிசைட்டிஸ் உறுதியான 34 பேர்ல 33 பேருக்குக் கூடியிருந்தது. வேற காரணத்தாலயும் கூடலாம். ஆனா கூடவே இல்லைன்னா, அப்பெண்டிக்ஸா இருக்க வாய்ப்பு குறைவு.

5/ "ஸ்கேன் நார்மல்தானே?" அல்ட்ராசவுண்ட்ல குடல் வாயு மறைச்சா அப்பெண்டிக்ஸ் தெரியாம போகும். ரிப்போர்ட்ல "தெரியவில்லை"ன்னு இருந்தா "நல்லா இருக்கு"ன்னு அர்த்தம் இல்லை. ஸ்கேன் வேண்டாம்னு சொல்லலை. எதைத் தேடணும்னு ஸ்கேனுக்குச் சொல்றதே கைதான். கையும் தப்பும். அதனாலதான் சந்தேகம்னா சில மணி நேரம் கழிச்சு மறுபடி தொட்டுப் பார்க்கணும்.

6/ வெட்கத்துல "அடிவயிறு வலி"ன்னு மட்டும் சொல்ற பையனுக்கு விதை முறுக்கிட்டு இருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணலைன்னா விதையையே இழக்கலாம். வாந்தி எடுக்கிற பாட்டிக்குத் தொடை இடுக்குல ஹெர்னியா மாட்டிக்கிட்டு இருக்கலாம். துணியை விலக்கிப் பார்க்காம இது ரெண்டும் எப்படித் தெரியும்?

7/ "கூட்டம் அதிகம்"கிறது நிஜம்தான். ஆனா அது நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி, நோயாளி தலையில கட்டுற சாக்கு இல்லை. பெண் நோயாளின்னா திரை வேணும், கூட ஒரு நர்ஸ் வேணும். அதைக் கேட்கிறது உங்க உரிமை.

8/ நம்ம பங்கும் இருக்கு. நல்லாத் தொட்டுப் பார்த்துட்டு "ஸ்கேன் தேவையில்லை, சாயங்காலம் மறுபடி வாங்க"ன்னு சொல்ற டாக்டரை "இவருக்கு ஒண்ணும் தெரியலை"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போறது யாரு?

9/ அடுத்த தடவை தயங்காம கேளுங்க: "டாக்டர், படுத்துக்கிறேன், ஒரு தடவை வயித்தைத் தொட்டுப் பாருங்க." நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா, வேற டாக்டரைப் பாருங்க.