கவுனுக்காக இளைக்க வேண்டுமா?

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில், பெண்ணுக்கு 15 வயது நிறைவது பெரிய விசேஷம். ‘கின்சியன்யேரா’ என்பார்கள். தேவாலய வழிபாடு, விருந்து, தோழர் தோழிகளோடு வால்ட்ஸ் நடனம், தரையைத் தொடும் பெரிய கவுன்... நம் ஊர் மஞ்சள் நீராட்டையும் கல்யாண ரிசப்ஷனையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்களேன்.

கவுனுக்கு அளவெடுக்கும் நாளில் சில வீடுகளில் பேச்சு மாறிவிடும். அதுவரை பாட்டி தட்டில் இன்னொரு தோர்த்தியா ரொட்டியை வைத்து, ‘சாப்பிடு கண்ணு’ என்றிருப்பார். அம்மா ‘கோர்திதா’ என்று கொஞ்சியிருப்பார். ஸ்பானிஷில் ‘குட்டிக் குண்டு’ என்று அர்த்தம்; திட்டு இல்லை, செல்லம்தான். இப்போது அவர்களே, ‘கொஞ்சம் இளைச்சாத்தான் கவுன் எடுப்பா இருக்கும்’ என்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்? மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பாள். ராத்திரி பசி தாங்காமல் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பாள்.

எடைப் பிரச்னை இருப்பது உண்மை. 2017-2020ல் எடுத்த அமெரிக்க அரசுக் கணக்கெடுப்பின்படி, 2 முதல் 19 வயதுக்குட்பட்ட ஹிஸ்பானிக் பிள்ளைகளில், அதாவது ஸ்பானிஷ் மொழிப் பின்னணி கொண்டவர்களில், 26.2 சதவிகிதம் பேருக்கு உடல்பருமன். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 19.7.

இதற்காகப் பாட்டியின் சமையலைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மக்காச்சோள ரொட்டி, பீன்ஸ், தக்காளி-மிளகாய் சல்சா... நார்ச்சத்தும் புரதமும் உள்ள நல்ல சாப்பாடு அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த சோடாதான் வினை. 355 மில்லி கோக் கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் கூடுதல் சர்க்கரை போதும் என்கிறது அமெரிக்க இதய சங்கம்.

அதற்காக மகளின் கிளாஸை மட்டும் பிடுங்கிவிட்டு அப்பா சோடா குடித்தால் எப்படி? வாங்குவதையே நிறுத்தலாம். செம்பருத்தி இனப் பூவை ஊறவைத்துச் செய்யும் ‘ஹமைக்கா’ பானம் அவர்கள் வீட்டு வழக்கம்தானே? சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஆகும்.

பேச்சையும் கவனிக்க வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2013ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் எடையைப் பற்றிப் பேசிய வீடுகளின் டீன்ஏஜ் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகள் அதிகம் காணப்பட்டன. எடையை எடுக்காமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில், பருமனான பிள்ளைகளிடம்கூட அது குறைவு.

சேர்ந்து சாப்பிடுவதும் உதவுகிறது. வாரம் 3 முறையாவது குடும்பமாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அதிக எடை இருக்கும் வாய்ப்பு 12 சதவிகிதம் குறைவு என்று, 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011ல் எழுதினார்கள். அம்மாவும் அப்பாவும் ஷிஃப்டில் ஓடும் வீட்டில் தினமும் முடியாதுதான். ஞாயிறு காலை டிபனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று வந்துவிடும்.

இன்னொன்று தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். செல்போன் படுக்கைக்கு வந்தால் அது கிடைக்காது.

எடை அதிகமா என்பதை டாக்டர் சொல்லட்டும். வளரும் பிள்ளைக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்ப்பார்கள், பெரியவர்களின் பி.எம்.ஐ. அளவு பொருந்தாது. அதுவரை வால்ட்ஸ் ஒத்திகைக்குத் தம்பியும் அப்பாவும்கூட சேர்ந்து ஆடலாம். கவுன் இறுக்கமாக இருந்தால், தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.