புயல் படத்தில் தெரியாத தண்ணீர்

வங்கக் கடலில் ஒரு சுழல் தலைகாட்டியதும் செல்போனை எடுத்து, அது சென்னைக்கா, நாகைக்கா, ஆந்திராவுக்கா என்று பார்க்கும் பழக்கம் தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் டீக்கடை வரை வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் புயல் வடக்கே போகிறது என்று தெரிந்ததும் வாசலில் நிற்கும் காரைப் பற்றிய கவலையையும் சேர்த்து விட்டுவிடுகிறோமே, அங்கேதான் கணக்கு தப்புகிறது. தென்காசி மாவட்டத்தில் ஒரு காருக்கு ஆபத்து கடலில் நகரும் அந்தக் கோட்டிலிருந்து வருவதைவிட, மலையிலிருந்து இறங்கும் தண்ணீரிலிருந்தே அதிகம் வருகிறது. வண்டியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புயலைப் பின்தொடர்வது போதாது. மலையில் பெய்யும் மழையையும் அணையையும் பின்தொடர வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. அதற்கு இரண்டு வாரம் முன்பு சென்னையை மூழ்கடித்த மழைக்கு மிக்ஜாம் என்று பெயர் இருந்தது. இந்த மழைக்குப் பெயர் கிடையாது. குமரிக் கடல் பகுதியில் நிலவிய ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். 2024 டிசம்பர் 12, 13இல் குற்றால அருவிகள் மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு வந்தபோதும், நெல்லை மலையில் ஊத்து எஸ்டேட்டில் 50 செ.மீ.க்கு மேல் மழை பதிவானபோதும், காரணம் வலுவிழந்துகொண்டிருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வுதான். அதே ஆண்டு மே 17இல், கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுவே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயது மாணவரைக் கொண்டுபோனது. அன்று புயலும் இல்லை, பருவமழையும் தொடங்கவில்லை. இந்த மூன்று முறையும் புயல் வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எச்சரிக்கையாக எதுவும் கிடைத்திருக்காது.

எச்சரிக்கையே வரவில்லையா என்றால், அது வேறு விவகாரம். 2023 வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசும் மத்திய அரசும் இதைப் பற்றித்தான் சண்டை போட்டன. வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது ஒரு தரப்பு. ஐந்து நாள் முன்பே சொல்லிவிட்டது என்றது இன்னொன்று. இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதி கனமழை என்ற வகைக்கு 20 செ.மீ.க்குச் சற்று மேல் என்ற தொடக்கம்தான் உண்டு, உச்சவரம்பு கிடையாது. சிவப்பு எச்சரிக்கை 21 செ.மீ.க்கும் சிவப்புதான், 95 செ.மீ.க்கும் சிவப்புதான். போதாக்குறைக்கு அது மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக வருகிறது. சங்கரன்கோவிலின் கரிசல் காட்டுக்கும் செங்கோட்டை மலையடிவாரத்துக்கும் ஒரே நிறம். நமக்குப் பக்கத்து டாப்ளர் ரேடாரோ மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நடுவே நிற்கும் பொதிகை மலையைத் தாண்டித்தான் அது நம் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆகவே மீதி வேலை நம்முடையது. வீரகேரளம்புதூர், சிற்றாறும் அனுமன் நதியும் கூடும் இடத்தை ஒட்டிய ஊர். சிற்றாறு குற்றால மலையிலிருந்து வருகிறது. அனுமன் நதியில் மேக்கரைக்கு அருகே அடவிநயினார் அணை இருக்கிறது. இங்கே ஒரு தூறல்கூட இல்லாத இரவில், மேலே பெய்த மழை தரைப்பாலத்தை மூடலாம். அணை நிரம்பியதா, குளம் மறுகால் பாய்கிறதா என்ற இரண்டு கேள்விகளைப் பெரியவர்கள் செயலி இல்லாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று அணை நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான மழை அறிவிப்பு செல்போனில் வருகிறது. மலைப்பக்கம் மிக கனமழை என்ற அறிவிப்பும் நிரம்பி வழியும் அணையும் ஒரே மாலையில் சேர்ந்தால், வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். 

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, எதற்கு இந்த அலைச்சல் என்பார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். அதில் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. முழு பாலிசி வைத்திருப்பவருக்கும் ஒரு கண்ணி உண்டு. தண்ணீர் வடிந்த காலையில், வண்டி ஓடுமா என்று பார்க்க ஒரே ஒரு முறை சாவியைத் திருப்புகிறார். காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கிறது. காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. பெட்ரோலோ டீசலோ, விளைவு ஒன்றுதான். வெள்ளம் செய்யாத சேதத்தைச் சாவி செய்துவிட்டது என்று சொல்லி, எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் இந்தச் செலவைக் கழித்துவிடுவார்கள். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப்போவதே சரி.

உயிர் போகிற நேரத்தில் காரைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்விக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஊர்ப் பக்கம் வாசலில் நிற்பவற்றில் கணிசமானவை வாடகை வண்டிகள், லோடு ஆட்டோக்கள், தவணை முடியாத சிறு கார்கள். அவை நின்றால் அடுப்பு நிற்கும். மேலும், நள்ளிரவில் முழங்கால் தண்ணீரில் இறங்குபவர் பல நேரம் வண்டியை எடுக்கத்தான் இறங்குகிறார். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறு கார் மிதக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போகும் என்கிறது அமெரிக்க வானிலைத் துறை. மாலையிலேயே வண்டியை மேட்டில் விட்டவர் இரவில் வீட்டுக்குள் இருப்பார். எச்சரிக்கை பொய்த்தால்? அரை மணி நேர நடை நஷ்டம், அவ்வளவே.

எங்கே விடுவது என்பதுதான் உண்மையான சிக்கல். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் என்று செய்தி பரவியது. அபராதம் இல்லை என்று காவல்துறை விளக்கம் சொன்னது. மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்த மேட்டைப் பிறகு அதிகாரிகள் அனுமதித்த கதை அது. வீரகேரளம்புதூரில் மேம்பாலம் கிடையாது. பள்ளி மைதானம், மேட்டில் உள்ள அரசு வளாகம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று எங்கெங்கே வண்டி விடலாம், ஆம்புலன்ஸ் போகும் வழியில் எங்கே விடக் கூடாது என்று கிராமம் கிராமமாக வட்டாட்சியர் முன்கூட்டியே அறிவிக்கலாம். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை. கேட்டைத் திறக்க ஓர் ஆளும், எச்சரிக்கைக் குறுஞ்செய்தியில் இன்னொரு வரியும் போதும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாவட்ட நிர்வாகம் ஒட்டிவிட வேண்டும்.