விருந்து வைக்க வீடு உண்டு, வீட்டுக்குப் பட்டா இல்லை

வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்கள் பலர் இப்போது ஓட்டல் அறையோடு நின்றுவிடுவதில்லை. கிராமத்துக் குடும்பம் ஒன்றோடு இரண்டு நாள் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் வேலையைப் பார்த்துத் திரும்ப ஆசைப்படுகிறார்கள். இலங்கை மலையகத்திலும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பதுபோல் படம் எடுக்காத பயணி குறைவு. அடுத்தவர் வீட்டில் உண்டு உறங்கி அவர்களை அறிய நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால், விருந்து வைக்கும் அந்த வீடு யாருக்குச் சொந்தம்? சுற்றுலாப் பேச்சில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு மலையகம் அந்நிய நாடு அல்ல. பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பிக் கப்பல் ஏறியவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாமிரபரணிக் கரைச் சேரிகளிலிருந்தும் போனார்கள். நெல்லைச் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையைத்தான் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யாக எழுதினார். ஊரில் ஆண்டைக்குப் பட்ட கடன், தோட்டத்தில் கங்காணிக்குப் பட்ட கடனாக மாறியது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

கடந்த ஆண்டு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், நண்பர் ஒருவரின் உறவுக் குடும்பத்தோடு ஒரு சனி, ஞாயிறு தங்கினேன். பழைய லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்குப் போட்டுக் கட்டிய காம்பரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு அக்காவும் மகளும் அடுப்படியில் படுத்தார்கள். மகன் இஸ்தோப்பில் சுருண்டுகொண்டான். சனிக்கிழமை விடிவதற்குள் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து மூடி வைத்துவிட்டு அக்கா பிரட்டுக்களத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்: “இந்தியாவுல எந்த ஊரு தம்பி?”

“அம்பாசமுத்திரம் பக்கம்.”

“எங்க பாட்டனாரும் திருநெல்வேலி ஜில்லாதான். ஊரு பேருதான் தெரியாது.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நம் பக்கத்தில் இந்த விசாரணை ஊரோடு நிற்காது. எந்தத் தெரு, யார் மகன் என்று போய், சாதி தெரிந்த பிறகுதான் தண்ணீர்ச் செம்பு வெளியே வரும். மலையகத்தில் சாதி செத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் அது இருக்கிறது என்பதை அங்குள்ள தோழர்களே சொல்கிறார்கள். ஆனால், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வாழ்ந்த வாழ்க்கை, தெருவைப் பிரிக்க இடம் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயரையும் அலுவலகத்தையும் சொன்னார்கள். அந்த வீட்டுக்கென்று கதவு எண் இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து கைக்கு வரும். ஒரு காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் நுழையவே துரையின் அனுமதி வேண்டும். 2023-இல் மலையகத் தமிழர் தங்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். அப்போதும் முதல் கோரிக்கைகளில் ஒன்று நிலமும் வீட்டுரிமையும்தான். புதிய வீட்டுத் திட்டங்களில் பேசப்படும் அளவு 7 பேர்ச். நம் கணக்கில் நாலேகால் சென்டுக்குச் சற்று மேல். அதுவும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. துரைமார் வாழ்ந்த பங்களாக்களோ சொகுசு விடுதிகளாகிவிட்டன.

இதைப் படித்துவிட்டு இலங்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே ஏறினால் நம் மாவட்டத்திலேயே அதே லயம்தான். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கரில், பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள் நான்கு தலைமுறையாகத் தேயிலை வளர்த்தார்கள். கூலி கேட்டு 1999 ஜூலை 23 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தபோது 17 உயிர்கள் தாமிரபரணியில் போயின. குத்தகை 2028 வரை இருக்க, 2024-இலேயே நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கை முடித்தது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற மனுக்களை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை தர 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் டான்டீ என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாஞ்சோலைக்குப் போன நெல்லைக்காரர்களைக் கேளுங்கள். மழையில் நனைந்து நின்றபோது ஏதாவது ஒரு லைன் வீட்டில் கட்டஞ்சாயா குடித்திருப்பார்கள். அப்படி விருந்தோம்பிய குடும்பத்துக்கு அந்த வீடு வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் அதுவே ஆக்கிரமிப்பு. நான்கு தலைமுறை பிறந்து இறந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்கள் பெயரில் இல்லை.

வீட்டுத் தங்கல் சுற்றுலாவுக்கு ஒன்றிய அரசின் சுற்றுலாத் துறை விதி வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறை வரை வாடகைக்கு விடலாம், ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால், ‘உரிமையாளர்’ என்ற முதல் சொல்லிலேயே லயத்துக்காரர் வெளியே நிற்கிறார். பட்டாவே இல்லாத காலனிக்காரரும் அங்கேதான் நிற்கிறார். பட்டா இருப்பவருக்கும், வரும் விருந்தாளியை ஊர்த்தெருவைத் தாண்டி யார் அழைத்து வருவார்கள்? 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அன்று விருந்தாளியாக மறுக்கப்பட்டோம். இன்று வீட்டுக்காரராக மறுக்கப்படுகிறோம்.

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், காட்டைக் காக்க மக்களை இறக்கிவிட்டு, அதே காட்டில் சுற்றுலா விடுதி மட்டும் நடக்குமானால் அதை நியாயம் என்று சொல்ல முடியாது. மாஞ்சோலைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி அறை மாற்று ஆகாது. வீட்டுமனையும் பயிரிட நிலமும் வீட்டுப் பெண் பெயரில் பட்டாவோடு வேண்டும். மலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த அவர்களுக்கே சூழல் சுற்றுலாவின் வழிகாட்டி வேலையிலும் சமையல் வேலையிலும் முதல் உரிமை வேண்டும். மாவட்ட நிர்வாகம் தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் வீட்டுத் தங்கலை ஊக்குவித்தால், ஆதிதிராவிடர் குடியிருப்பு வீடுகளையும் பட்டியலில் சேர்த்து, அறை கட்டக் கடனும் தர வேண்டும்.

இருக்கிற ஒரே கட்டிலையும் விருந்தாளிக்குக் கொடுக்கிற மக்களுக்கு விருந்தோம்பலை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுக்குத் தர வேண்டியது அந்தக் கட்டில் கிடக்கும் தரையின் பட்டா. அடுத்த குறைதீர் நாளில் ஆட்சியர் மேசைக்குப் போகும் மனுவில் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.