தங்கவயலில் தோண்டாத சுரங்கம்

கோலார் தங்கவயலைப் பற்றித் தில்லியில் பேச்சு எழும்போதெல்லாம் அது மண்ணைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. இன்னும் எவ்வளவு தங்கம் எஞ்சியிருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா, யாருக்கு ஏலம் விடுவது என்பவையே கேள்விகள். மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது முதல் இதுதான் நிலை. 2013இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024இல் 13 கழிவு மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்மேட்டுக்கு ஏக்கர் கணக்கு இருக்கிறது. அந்த மண்ணை மேலே கொண்டுவந்த மனிதர்களைப் பற்றிய கணக்கு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அருகிலேயே உள்ளது. பெங்களூரு பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, கோலார் நகரையடுத்த டமகாவைத் தலைமையிடமாகக் கொண்டு 2017இல் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. தங்கவயல் மாணவருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். தலைநகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களோடு அதை யாரும் ஒப்பிடப் போவதில்லை. ஆனால், அவற்றில் எதற்கும் இல்லாத ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு. சமூக அறிவியல் பயில்வோருக்குத் தேவையான களம் அதன் வாசலிலேயே கிடக்கிறது.

இயற்பியலாளர்கள் இந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர், ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தனர். உலகிலேயே இதை முதலில் கண்ட இரு குழுக்களில் அது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் பணியாற்றிய குழு. கண்ணுக்குத் தெரியாத துகளைக் காண அறிஞர்கள் அவ்வளவு ஆழம் இறங்கினார்கள். அதே கூண்டில் நாள்தோறும் இறங்கி ஏறிய தமிழ்த் தொழிலாளர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்கள்தான். ஆய்வாளர்கள்தான் போதிய அளவு வரவில்லை.

ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததிலிருந்து 120 ஆண்டுகள் இயங்கிய தொழில் நகரம் இது. வட ஆற்காடு, சேலம் வட்டாரங்களிலிருந்து வந்தோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள் இங்கே மாதக் கூலியும் சங்கமும் பள்ளியும் கண்டார்கள். கூடவே நுரையீரலை அரிக்கும் கல்தூசியையும் பாறை வெடிப்பையும் கண்டார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவர்கள். ரேஷன் கடையிலும் கைரேகை வைக்கும் இக்காலத்தில், அரசியல் அறிவியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றியதும், அவர் மறைவுக்குப் பின் அவருடைய எழுத்துகள் அச்சேறியதும் இந்த மண்ணில்தான்.

இவை முற்றிலும் எழுதப்படாதவை அல்ல. மைசூர் சமஸ்தானத்துச் சுரங்க, ஆலைத் தொழிலாளர் குறித்த ஜானகி நாயரின் நூல் 1998இல் வெளிவந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளை 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்டது. தமிழ் அரசியல் சிந்தனையின் போக்கையே அத்தொகுதிகள் மாற்றின. அதற்கு ஒரு மாநகரம் தேவைப்படவில்லை. ஒரு கல்லூரியும் சிலருடைய பிடிவாதமுமே போதுமாயிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, தொழிலாளர் மன்றங்களின் புத்தகங்களையும் முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியங்களையும் திரட்டி, 1973இல் ஸ்வான்ஸியில் சுரங்கத் தொழிலாளர் நூலகத்தைப் பல்கலைக்கழகமே அமைத்தது. அப்பணியில் முன்னின்ற வரலாற்றாசிரியர் ஹைவல் ஃபிரான்சிஸ் பின்னர் 2001 முதல் 2015 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தங்கவயலுக்கு அமைந்ததோ 2018இலும் 2022இலும் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படங்களும், 2024இல் வந்த 'தங்கலான்' படமும்தான். ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலையைத் திரையரங்கு செய்ய முடியாது.

சமூகவியல் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்லும் குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிரச்னை. குறிப்பேட்டை மனப்பாடம் செய்து வாங்கும் பட்டத்தால் பயனில்லை என்பதும் உண்மையே. ஆனால் வீடுவீடாகக் கணக்கெடுக்கவும், நிலப் பதிவேட்டைப் படிக்கவும், நோயாளியின் பணி வரலாற்றை எழுதவும் தெரிந்த பட்டதாரிக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளின் உரிமையானாலும், சயனைடு மண்மேட்டுத் தூசியானாலும், தீர்வு கேட்டுப் போகிறவரிடம் அரசு முதலில் கேட்பது ஆதாரம். அந்த ஆதாரத்தைத் திரட்டுவதே சமூக அறிவியல்.

இதில் மொழிச் சிக்கலும் உண்டு. நிர்வாகத்தின் ஏடுகள் ஆங்கிலத்தில். பல்கலைக்கழகத்தின் வகுப்பறை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளோ பெரும்பாலும் தமிழில். இதை எல்லைச் சண்டையாக்குவது மூடத்தனம். பாட்டியின் பேச்சைத் தமிழில் பதிந்து கன்னடத்தில் ஆய்வேடு எழுதக்கூடிய மாணவர் தங்கவயலில் மட்டுமே கிடைப்பார். அவரைச் சுமையாகக் கருதாமல் செல்வமாகக் கருத வேண்டும்.

தில்லிக்கும் பொறுப்பு உண்டு. 1969இல் அமைக்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவு சென்னை, பெங்களூரு போன்ற மாநகர நிறுவனங்களோடு நின்றுவிடலாகாது. சுரங்க நிறுவனத்தின் பணிப் பதிவேடுகள், மருத்துவமனைக் குறிப்புகள், விபத்து அறிக்கைகள் மத்திய அரசின் சொத்து. மண்மேடுகளை ஏலம் விடுவதற்கு முன்பாக அவற்றில் எஞ்சியவற்றைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்குமாறு தமிழக, கர்நாடக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றிச் சுரங்கத் துறை அமைச்சரை வலியுறுத்த வேண்டும்.

1985இல் இருபது வயதில் கூண்டில் இறங்கியவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அவருக்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். மண்மேடு இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வரும் கல்வியாண்டிலேயே இப்பணி தொடங்கட்டும்.